நீர்க்கரையில் முன்னோர்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

பழைய கிள்ளான் சாலைக்காரர்:
ஆடி அமாவாசைக்கு மோரிப் கடற்கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தேன். கடல் வெகுதூரம் உள்வாங்கி, கரையெல்லாம் சேறு. ஐயர் சொல்லச் சொல்ல, எள்ளும் தண்ணீரும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வழியவிட்டேன். எள் பாதி உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டது. அப்பா பெயரைச் சொன்னதும் கோடாலித் தைல வாசனை குப்பென்று அடித்தது. தலைவலியோ வயிற்றுவலியோ, அவருக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். பக்கத்தில் நின்ற பெரியவர் யாராவது பூசியிருக்கலாம், இல்லையென்று சாதிக்க மாட்டேன். ஆனால் திரும்பிப் பார்க்க மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து மகாபாரதத்தில் ஆசிரமவாசிக பருவத்தை எடுத்துப் படித்தேன். போர் முடிந்து பல வருடம் கழித்து, வியாசர் கங்கையில் இறங்கி மாண்டவர்களைக் கூப்பிடுகிறார். கர்ணன், துரியோதனன், அபிமன்யு எல்லோரும் தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறார்கள். பகை கிடையாது. ஒரே ஒரு இரவு உறவுகளோடு பேசியிருந்துவிட்டு, விடிவதற்குள் போய்விடுகிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்றுதான் திருதராஷ்டிரனும் காந்தாரியும் தவித்தார்கள். அவர்களுக்கு ஒரு இரவு, எனக்கு ஒரு வாசனை. சரி, போதும்.

செந்தூல் மருமகள்:
நான் மாமியாரோடு கயா போயிருந்தேன். பல்குனி ஆற்றில் தண்ணீரே இல்லை, வெறும் மணல். கையால் தோண்டினால் அடியில் ஊறுகிறது. தசரதருக்குச் சீதை மணலில் பிண்டம் வைத்ததை இந்த ஆறு இராமனிடம் மறைத்ததாம்; அதனால் மண்ணுக்கடியில் ஓடு என்று சாபம். ஆலமரம் மட்டும்தான் உண்மையைச் சொன்னதாம். மாமியார் அந்த மணலைக் கையில் வைத்துக்கொண்டு, இறந்துபோன மாமாவிடம் வீட்டுக் கணக்கெல்லாம் பேசினார். என் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. மாமியாரோ, மாமா எதிரில் உட்கார்ந்திருப்பது போலத்தான் பேசினார், நடுவில் பதிலுக்குக் காத்திருந்தார்.

கெப்போங் தாத்தா:
பிள்ளைகளா, பயப்பட ஒன்றுமில்லை. பேய் வேறு, பித்ரு என்கிற முன்னோர் வேறு. இறந்தவர் முதலில் பிரேதம், அதாவது முன்னோரோடு இன்னும் சேராத ஆவி. சபிண்டீகரணம் என்ற பிண்டம் சேர்க்கும் சடங்கு ஆனபிறகு முன்னோர் வரிசையில் சேர்ந்துவிடுகிறார். அப்பா வசு, தாத்தா ருத்திரர், கொள்ளுத் தாத்தா ஆதித்தியர் என்று தேவர்களாக நினைத்துத்தான் எள் விடுகிறோம். மருமகளே, கயா ஆலமரத்தடியில் பிடித்த காயையோ பழத்தையோ இனிச் சாப்பிடுவதில்லை என்று விடச் சொல்வார்களே, மாமியார் எதை விட்டார்?

செந்தூல் மருமகள்:
பாகற்காயை, தாத்தா. அதை அவர் ஒரு நாளும் தொட்டதே இல்லை.