கலிபோர்னியா: பிரசவ டிசெபிலிட்டி க்ளெய்ம் நகரவே இல்லை, அடுத்து பிஎஃப்எல் (குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் விடுப்புக்கு மாநிலம் தரும் பணம்) எடுத்தால் வேலை இருக்குமா?

நிலாமுற்றம் – ஆகஸ்ட் 27, 2025

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 14 அன்று எங்களுக்கு மகள் பிறந்தாள். இப்போது இரவு இரண்டரை மணி. மடியில் தூங்குகிறாள், ஒரு கையால் தட்டச்சு செய்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருப்பது ஃப்ரீமாண்ட். ஹெச்4 ஈஏடியில் (கணவர் விசாவைச் சார்ந்து கிடைக்கும் வேலை அனுமதி) வேலை பார்க்கிறேன். 35 வாரத்தில் ரத்த அழுத்தம் ஏறியதால் ஜூலை 24 முதல் வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 4 அன்று ஈடிடி (மாநில வேலைவாய்ப்புத் துறை) தளத்தில் டிசெபிலிட்டி க்ளெய்ம் (உடம்பு முடியாமல் வேலைக்குப் போகாத காலத்துக்கான காப்பீட்டுப் பணம்) போட்டேன். இன்று வரை 'பெண்டிங்'. ஒரு டாலர்கூட வரவில்லை. மருத்துவமனையில் கேட்டால் "நாங்கள் அனுப்பிவிட்டோம்" என்கிறார்கள்.

இன்னும் சில குழப்பங்கள். இந்தக் கம்பெனியில் பிப்ரவரி 10 அன்றுதான் சேர்ந்தேன். அதற்கு முன் இரண்டு மாதம் வேலை இல்லை. அதனால் தொகை குறையுமா? பிஎஃப்எல் 8 வாரத்துக்கு முன்னால் இரண்டு வார பிடிஓவை (சம்பளத்தோடு கூடிய விடுப்பை) தீர்க்க வேண்டும் என்று எங்கள் ஹெச்ஆர் சொல்கிறார், சரியா? கணவர் வேலை செய்யும் இடத்தில் முப்பது பேர்தான். "சின்ன கம்பெனி, எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது" என்று அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அம்மா திருச்சியிலிருந்து வந்திருக்கிறார், நவம்பர் கடைசியில் கிளம்புகிறார். அதற்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வாடகை தேதி நெருங்குகிறது. யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரட்டைக்குழந்தை அப்பா – ஆகஸ்ட் 27

வாழ்த்துகள் சகோதரி. முதலில் உடம்பைப் பாருங்கள், இது சரியாகக்கூடிய விஷயம்தான்.

க்ளெய்ம் இரண்டு பாதிகளாகப் போகிறது. ஒரு பாதி நீங்கள் போட்டது. மறு பாதி டாக்டர் தரும் மருத்துவச் சான்று. இரண்டும் ஒன்று சேர்ந்தால்தான் அது முழு க்ளெய்ம். உங்கள் பாதியை அனுப்பியதும் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு ரசீது எண் வந்திருக்கும். அதை மருத்துவமனையிடம் கொடுத்தீர்களா? அந்த எண்ணை வைத்துத்தான் டாக்டர் பக்கத்துச் சான்று உங்கள் க்ளெய்மோடு சேரும். எங்கள் வீட்டில் மூன்று வாரம் வீணானது இதனால்தான்.

இன்னொன்று, பெயர். சோஷியல் செக்யூரிட்டி கார்டிலும் மருத்துவமனைப் பதிவிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய தலைவலி.

நிலாமுற்றம் – ஆகஸ்ட் 28

ஐயோ, நீங்கள் சொன்ன இரண்டுமே பொருந்துகிறது. பாஸ்போர்ட்டில் என் சர்நேம் காலி. விசாவில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டார்கள். பிறகு சோஷியல் செக்யூரிட்டி கார்டில் என் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால் என்று மாற்றி வாங்கினேன். மருத்துவமனைப் பதிவில் கணவர் பெயர் கடைசியில் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் அவர் வழியாக என்பதால் யாரோ அப்படிப் பதிந்திருக்கிறார்கள்.

ரசீது எண்ணை நான் கொடுக்கவே இல்லை. டாக்டரிடம் வாயால் சொன்னேன், "சரி, படிவப் பிரிவு பார்த்துக்கொள்ளும்" என்றார். இன்று காலை அந்தப் பிரிவுக்குப் போன் செய்தேன். காகிதத்தில் நிரப்பித் தபாலில் அனுப்பியதாகச் சொல்கிறார்கள். ரசீது எண் கட்டம் காலி, பெயர் கணவர் பெயரோடு. வயிற்றில் தையலோடு நாற்பது நிமிடம் லைனில் காத்திருந்து இதைத் தெரிந்துகொண்டேன்.

இரட்டைக்குழந்தை அப்பா – ஆகஸ்ட் 28

கோளாறு அங்கேதான். காகிதத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சான்றை ஆன்லைனில் புதிதாகவே போடச் சொல்லுங்கள், ரசீது எண்ணோடு, சோஷியல் செக்யூரிட்டி கார்டில் உள்ள அதே பெயரோடு. வாயால் சொல்லாமல் நோயாளிகளுக்கான செயலியில் எழுத்தாக அனுப்புங்கள். அப்போதுதான் தேதியோடு பதிவு இருக்கும்.

இதற்குக் கெடு உண்டு. வேலை செய்ய முடியாமல் போன நாளிலிருந்து 49 நாளுக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். உங்கள் கணக்கில் அது செப்டம்பர் இரண்டாவது வாரம். இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

அப்புறம், முக்கியமாக: டாக்டர் அந்தச் சான்றைப் பிரசவத்துக்கு முன்பே எழுதியிருந்தால் சுகப்பிரசவம் என்று நினைத்து ஆறு வாரம் போட்டிருப்பார். சிசேரியனுக்கு வழக்கமாக எட்டு வாரம். பிரசவ தேதியையும் சிசேரியன் என்பதையும் சேர்த்துத் திருத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் செப்டம்பர் கடைசியில் பணம் நின்றுவிடும், பிறகு கூடுதல் சான்று வாங்க மறுபடி அதே படிவப் பிரிவுக்கு அலைய வேண்டும்.

மாம்பழச்சாலை – ஆகஸ்ட் 28

ஹெச்4-இல் இருந்துகொண்டு அரசாங்கப் பணம் வாங்குவது நல்லதா? நாளைக்கு கிரீன் கார்டு சமயத்தில் கேள்வி வரும் என்று எங்கள் நண்பர் ஒருவர் வாங்காமலே விட்டுவிட்டார்.

பேரோல் அக்கா – ஆகஸ்ட் 29

மாம்பழச்சாலை, உங்கள் நண்பர் தன் சொந்தப் பணத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார். இது உதவித்தொகை இல்லை, காப்பீடு. பே ஸ்டப்பில் 'சிஏ எஸ்டிஐ' (கலிபோர்னியா மாநில இயலாமைக் காப்பீடு) என்று ஒரு பிடித்தம் இருக்கும், இந்த 2025-இல் சம்பளத்தில் 1.2 சதவீதம் அதற்குப் போகிறது. 2024 முதல் அதற்கு உச்சவரம்பும் கிடையாது, முழுச் சம்பளத்துக்கும் பிடிக்கிறார்கள். விசா என்ன என்று பார்த்துப் பிடிப்பதில்லை, கொடுக்கும்போதும் பார்ப்பதில்லை. பதினோரு வருடமாகச் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். இந்தப் பயத்தால் எத்தனை பெண்கள் பச்சை உடம்போடு சீக்கிரமே வேலைக்குத் திரும்பினார்கள் என்று பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

நிலாமுற்றம், உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

தொகை: இடையில் இருந்த இரண்டு மாத இடைவெளியை நினைத்துக் கவலைப்படாதீர்கள். ஜூலை முதல் செப்டம்பருக்குள் தொடங்கும் க்ளெய்முக்கு ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரையிலான சம்பளத்தைப் பார்ப்பார்கள். அதில் நான்கு காலாண்டில் எது அதிகமோ அதை மட்டும் எடுப்பார்கள். பழைய வேலையில் ஒரு காலாண்டில் 26,000 டாலர் வாங்கியிருந்தால், அதை 13-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 2,000. அதில் 70 சதவீதம் 1,400. குறைந்த சம்பளக்காரர்களுக்கு 90 சதவீதம் வரை உண்டு. 2025-இல் வார உச்சம் 1,681 டாலர். முதல் ஏழு நாள் காத்திருப்புக் காலம், அதற்குப் பணம் வராது.

பிடிஓ: உங்கள் ஹெச்ஆர் பழைய விதியைச் சொல்கிறார். பிஎஃப்எல் வாங்குவதற்கு முன் இரண்டு வார விடுப்பைத் தீர்க்கச் சொல்லும் உரிமை முன்பு கம்பெனிகளுக்கு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது இல்லை. நீங்களாக விரும்பி எடுத்தால் வேறு விஷயம்.

இனிமேல் சொல்லப்போவதை நிதானமாக இரண்டு முறை படியுங்கள். நிறையப் பேர் விழுவது இங்கேதான். ஈடிடி கொடுப்பது பணம் மட்டும். உங்கள் நாற்காலியைக் காப்பது வேறு சட்டங்கள். உடம்பு முடியாத காலத்துக்குக் காப்பு தருவது பிரசவகால இயலாமை விடுப்பு, பிடிஎல். ஐந்து பேர் உள்ள கம்பெனிக்கும் பொருந்தும், நேற்றுச் சேர்ந்தவருக்கும் பொருந்தும், நான்கு மாதம் வரை உண்டு. அந்தக் காலத்தில் கம்பெனி வழி மருத்துவக் காப்பீடு இருந்தால் அதையும் தொடர வேண்டும். ஆக அக்டோபர் 8 வரை உங்களுக்குப் பயமில்லை.

அக்டோபர் 9 முதல் குழந்தையோடு இருப்பதற்கான விடுப்பு. அதற்கு வேலைக் காப்பு சிஎஃப்ஆர்ஏ என்ற கலிபோர்னியா குடும்ப விடுப்புச் சட்டத்தில் வருகிறது. அதற்கு 12 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், கடைசி 12 மாதத்தில் 1,250 மணி நேரமும் வேண்டும். உங்களுக்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கும். பிஎஃப்எல் பணம் வரும், ஆனால் கம்பெனி சம்மதிக்காமல் நீங்கள் வீட்டில் இருந்தால் வேலையைக் காப்பாற்ற அந்தச் சட்டம் வராது. ஒப்புதலை எழுத்தில் வாங்காமல் அந்த எட்டு வாரத்தைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

ஆனால் வழி இருக்கிறது. பிஎஃப்எல்லை ஒரே மூச்சில் எடுக்க வேண்டியதில்லை, குழந்தை பிறந்து ஒரு வருடத்துக்குள் பிரித்து எடுக்கலாம். பிப்ரவரி 10-இல் உங்களுக்கு வருடம் முடிகிறது. அக்டோபரிலோ நவம்பரிலோ வேலைக்குத் திரும்பிவிட்டால் மணிக் கணக்கும் அதற்குள் தாண்டிவிடும். மிச்ச வாரங்களைப் பிப்ரவரிக்குப் பிறகு முழுக் காப்போடு எடுங்கள்.

கணவருக்கு: அவருடைய ஹெச்ஆர் சொல்வது மத்திய அரசின் குடும்ப விடுப்புச் சட்டமான எஃப்எம்எல்ஏ, அதற்குத்தான் 50 பேர் கணக்கு. கலிபோர்னியாவின் சிஎஃப்ஆர்ஏ 2021 முதல் ஐந்து பேர் உள்ள இடத்துக்கே பொருந்தும். அவர் ஒரு வருடம் தாண்டியிருந்தால் 12 வாரம் வேலைக் காப்பு, அதில் 8 வாரத்துக்கு பிஎஃப்எல் பணம்.

நிலாமுற்றம் – ஆகஸ்ட் 29

அக்கா, இதைக் கணவரை உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். அவர் அங்கே மூன்று வருடமாக இருக்கிறார். அம்மா கிளம்பியதும் டிசம்பர் 1 முதல் அவர் எடுக்கலாமா? முன்கூட்டியே க்ளெய்ம் போட்டு வைக்கலாமா?

பேரோல் அக்கா – ஆகஸ்ட் 30

தாராளமாக எடுக்கலாம். முன்கூட்டி மட்டும் போட வேண்டாம். பிஎஃப்எல் க்ளெய்ம் விடுப்பு தொடங்கிய நாளிலோ அதற்குப் பிறகோதான் போட வேண்டும், 41 நாளுக்குள். அப்பாவுக்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் போல உறவைக் காட்டும் ஆவணம் வேண்டும். கவுன்டியில் இப்போதே பணம் கட்டி ஒரு நகல் வாங்கி வையுங்கள். கம்பெனிக்குக் கொடுக்கும் விடுப்புக் கடிதம் தனி, அதை ஒரு மாதம் முன்பே கொடுக்கட்டும். பிஎஃப்எல்லுக்கு ஏழு நாள் காத்திருப்பு கிடையாது.

உங்களுக்கு டிசெபிலிட்டி முடியும் சமயத்தில் அதே ஆன்லைன் கணக்கில் டிஈ 2501எஃப்பி என்ற படிவம் தானாக வந்து நிற்கும். புதிதாக எதையும் தேடாதீர்கள், அதையே நிரப்புங்கள். அம்மாக்களுக்கு அதில் பிறப்புச் சான்று கேட்பதில்லை.

வரிக்கும் ஒரு குறிப்பு. டிசெபிலிட்டி பணத்துக்கு வரி இல்லை. பிஎஃப்எல் பணத்துக்கு மத்திய வரி உண்டு, மாநில வரி இல்லை. கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

சாந்தா கிளாரா மாமி – ஆகஸ்ட் 30

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. குழந்தையை இன்ஷூரன்ஸில் சேர்த்தாச்சா? கம்பெனி காப்பீட்டில் பொதுவாக முப்பது நாள்தான் அவகாசம். அதை விட்டுவிட்டு எங்கள் மருமகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பத்தியம் பார்த்துக்கோம்மா, ராத்திரி கண் முழிச்சு இதையெல்லாம் தேடாதே, பகல்ல கேளு.

நிலாமுற்றம் – ஆகஸ்ட் 31

மாமி, சேர்க்கவில்லை! நாளை மறுநாள் காலையில் முதல் வேலை அதுதான். மிக்க நன்றி.

நிலாமுற்றம் – அக்டோபர் 12

நடந்ததைச் சொல்ல வந்தேன். செப்டம்பர் 3 அன்று படிவப் பிரிவு ஆன்லைனில் சான்றைப் போட்டது, எட்டு வாரம் என்று. அடுத்த வாரத்தின் இறுதியில் மொத்தமாகப் பணம் வந்தது. ஜூலை 31 முதல் கணக்கிட்டிருந்தார்கள். அக்டோபர் 8 வரை சரியாகப் பத்து வாரம்.

என் கம்பெனியில் கேட்டேன். எட்டு வாரம் முடியாது, நான்கு வாரம் சரி என்று மேனேஜரும் ஹெச்ஆரும் மின்னஞ்சலில் ஒப்புதல் கொடுத்தார்கள். நவம்பர் 6 அன்று திரும்புகிறேன். மிச்ச நான்கு வாரம் பிப்ரவரியில். டிசம்பர் 1 முதல் ஜனவரி 25 வரை கணவர், அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவருடைய பிடிஓ. சட்டத்தின் பெயரைக் கணவர் சொன்னதும் அவருடைய ஹெச்ஆர் வக்கீலிடம் கேட்டுவிட்டு, "ஆமாம், பொருந்தும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஃப்ரிட்ஜ் கதவில் அம்மா ஒட்டிவைத்த நாள்காட்டியில் நான்கு நிறத்தில் கோடு போட்டிருக்கிறோம்.

படிவப் பிரிவுக்கு என்ன எழுதினேன் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். தமிழில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அனுப்புங்கள்:

"என் டிசெபிலிட்டி மருத்துவச் சான்றை ஈடிடியின் ஆன்லைன் தளத்தில் புதிதாகப் பதிவு செய்யவும். ரசீது எண் கீழே உள்ளது. பெயர் என் சோஷியல் செக்யூரிட்டி கார்டில் உள்ளபடி இருக்க வேண்டும், அதன் படத்தை இணைத்துள்ளேன். வேலை செய்ய முடியாமல் போன முதல் நாள் ஜூலை 24. பிரசவம் ஆகஸ்ட் 14, சிசேரியன். பதிவு செய்த தேதியை இந்தச் செய்திக்குப் பதிலாக எழுதி அனுப்பவும்."