ஆர்-134ஏ டீப் ஃப்ரீசரில் கேஸ் குறைகிறது. விளக்குச் சுடர் பச்சையாக மாறாதது ஏன்?

உவரி கடைக்காரர்:
வணக்கம். உவரியில் கடற்கரையை ஒட்டி ஐஸ்கிரீம் கடை நடத்தி வருகிறேன். டீப் ஃப்ரீசரில் கேஸ் நிரப்பினால் சில வாரங்கள் நன்றாக உறைகிறது. பிறகு உள்ளே குளிரூட்டும் குழாய்ச் சுருளான காயிலின் தொடக்கத்தில் மட்டும் பனி படிந்து, கம்ப்ரசர் ஓயாமல் ஓடுகிறது. வந்து பார்த்த மெக்கானிக், செப்புத் தகடு பொருத்திய பழைய கேஸ் விளக்கைக் குழாய் நெடுகக் காட்டி, சுடர் பச்சையாகாததால் கசிவே இல்லை என்றும், ஓட ஓடக் கேஸ் குறைவது இயல்பு என்றும் கூறிவிட்டார். கம்ப்ரசரில் கேஸின் பெயர் ஆர்-134ஏ என்று அச்சிட்டிருக்கிறது. கேஸ் தானாகத் தீர்ந்துபோகுமா?

பாளை மெக்கானிக்:
தீராது, அண்ணாச்சி. மூடிய சுற்றுக்குள் ஆவியாகி, மறுபடி திரவமாகி ஓடிக்கொண்டிருக்கும் பொருள் அது. பெட்ரோலைப் போல எரிந்து செலவாவதில்லை. குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. உப்புக்காற்று அடிக்கும் ஊர் என்பதால் வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சர் குழாயின் வளைவுகளையும் பற்றவைத்த இணைப்புகளையும் முதலில் பாருங்கள். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் கசியும் என்பதால், தூசி ஒட்டிய பிசுக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

உவரி கடைக்காரர்:
கண்டன்சரின் அடி வளைவில், பச்சைக் களிம்பு ஏறிய இடத்தில் நக அளவுக்குப் பிசுக்கு இருக்கிறது. அப்படியானால் விளக்கு ஏன் காட்டவில்லை?

வள்ளியூர் வேதியியல் ஆசிரியர்:
அந்த விளக்கு குளோரினை அடையாளம் காட்டும், ஃப்ளூரினைக் காட்டாது. குளோரின் உள்ள கேஸ் சுடரில் சிதைந்து, சூடான செம்புடன் சேர்ந்து காப்பர் குளோரைடாகி ஆவியாவதால்தான் பச்சை நிறம் வருகிறது. காப்பர் ஃப்ளூரைடு அவ்வாறு எளிதில் ஆவியாகாது. உங்கள் கேஸில் குளோரின் இருக்கிறதா என்பதை எண்ணே சொல்லிவிடும். 134உடன் 90ஐக் கூட்டினால் 224, அதாவது 2 கார்பன், 2 ஹைட்ரஜன், 4 ஃப்ளூரின். இரண்டு கார்பனுக்குரிய ஆறு இடங்களும் இவற்றாலேயே நிரம்பிவிடுகின்றன. பழைய ஃப்ரிட்ஜ் கேஸான ஆர்-12க்கு இதே கணக்கில் 102 வரும்: 1 கார்பன், ஹைட்ரஜன் இல்லை, 2 ஃப்ளூரின், மீதமுள்ள இரண்டு இடங்களில் குளோரின். அந்தக் குளோரின் ஓசோனைச் சிதைக்கும் என்று வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974இல் எடுத்துக்காட்டிய பிறகு, 1987இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை வழியாக ஆர்-12 விலக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்ததுதான் ஆர்-134ஏ. ஓசோனுக்குத் தீங்கில்லை என்றாலும் இதைக் காற்றில் திறந்துவிடுவது சரியன்று. நூறாண்டுக் கணக்கில், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மேலும், சுடரில் பட்டால் நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு உண்டாகும். அந்த விளக்கை இனிக் கடைக்குள் கொண்டுவர விடாதீர்கள்.

பாளை மெக்கானிக்:
சோப்புக் கரைசலே போதும், அண்ணாச்சி. ஆனால் மிஷினை நிறுத்திவிட்டுத் தடவுங்கள். ஆர்-134ஏயின் கொதிநிலை மைனஸ் 26 டிகிரி. ஃப்ரீசர் காயில் அதற்கும் கீழே குளிரும்போது உள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடுவதால், அந்தப் பக்கத்து ஓட்டையில் குமிழி வராது. ஈரக்காற்றுதான் உள்ளே இழுக்கப்படும். நைட்ரஜன் ஏற்றிச் சோதித்தால் இன்னும் நல்லது. ஆக்சிஜனை மட்டும் ஏற்றவே கூடாது. ஓட்டையை அடைத்தபின் ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் டிரையரை மாற்றி, உள்ளிருக்கும் காற்றும் ஈரமும் போக நன்றாக வேக்யூம் இழுத்த பிறகே கேஸ் நிரப்பச் சொல்லுங்கள். இந்தக் கேஸுக்கான கம்ப்ரசர் ஆயிலான எஸ்டர் ஆயில் ஈரத்தை உறிஞ்சி அமிலமாகக்கூடியது. விலை குறைவென்று மினரல் ஆயிலை ஊற்றிவிடவும் கூடாது; அது இந்தக் கேஸில் கலக்காமல் காயிலிலேயே தங்கிவிடும், கம்ப்ரசருக்குத் திரும்பி வராது.