பிறவி வளைபாதம் எத்தனை குழந்தைகளுக்கு வருகிறது? நீவிவிட்டால் சரியாகுமா?

கேள்வி – தாய்மாமன், வியாசர்பாடி

வணக்கம். என் தங்கைக்குச் சென்ற வாரம் ஆண் குழந்தை பிறந்தது. இரு பாதங்களும் உள்நோக்கித் திரும்பி, குதிகால் மேலேறி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. மருத்துவர் 'கிளப் ஃபுட்' என்றார். கிரகணத்தன்று மொட்டை மாடிக்குப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று வீட்டில் பேசுவதைக் கேட்டு, பச்சை உடம்புக்காரி சரியாகச் சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள். இது அபூர்வமான குறையா? எண்ணெய் தேய்த்து நீவிவிட்டுச் சில மாதங்கள் காத்திருக்கலாமா?

மறுமொழி – இயன்முறை மருத்துவர், அயனாவரம்

ஐயா, காத்திருக்க வேண்டாம். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்று இப்படித்தான் பிறக்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரு மடங்கு அதிகம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரு பாதங்களிலும் இருக்கும். பெரும்பாலும் குறிப்பிட்ட காரணம் எதுவும் தெரியவருவதில்லை. மரபுக்கு ஓரளவு பங்குண்டு. கிரகணத்துக்கு எந்தப் பங்கும் கிடையாது. இதைத் தங்கையிடம் இன்றே, பெரியவர்களும் கேட்கும்படி, நீங்கள் சொல்ல வேண்டும்.

நீவினால் சரியாகும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. கருப்பையின் இட நெருக்கடியால் பாதம் மேல்நோக்கி மடங்கி முன்காலைத் தொடுவதும், முன்பாதம் மட்டும் சற்றே உள்ளே வளைந்திருப்பதும் பிறந்த குழந்தைகளிடம் காணப்படுபவை. அவற்றில் பெரும்பாலானவை தாமாகவே நேராகிவிடுகின்றன. வளைபாதம் அப்படியன்று. அதற்கு இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் மருத்துவர் இக்னேசியோ பொன்செட்டி உருவாக்கிய முறை. பாதத்தை மெல்லத் திருப்பி, விரலிலிருந்து தொடை வரை மாவுக்கட்டுப் போட்டு, வாரந்தோறும் மாற்றுவார்கள். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கட்டுகளில் வடிவம் திருந்திவிடும். பிறகு பல குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டும், மூன்று வாரக் கடைசிக் கட்டும் தேவைப்படும். இடுப்பு மூட்டையும் முதுகெலும்பையும் பரிசோதித்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசின் சிறார் நலத் திட்டப் பட்டியலில் வளைபாதமும் உள்ளது. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் விசாரியுங்கள்.

மறுமொழி – ஒரு தாய், தாம்பரம்

என் மகனுக்கும் இருந்தது. இப்போது பள்ளியில் ஓடி விளையாடுகிறான். மாவுக்கட்டு நாட்களில் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அவை நீலம் பாரித்தாலோ, வீங்கினாலோ, கட்டு நழுவி விரல்கள் உள்ளே மறைந்தாலோ, அடுத்த வாரம் வரட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

உண்மையான பாடு கட்டு முடிந்த பிறகுதான். இரு காலணிகளையும் ஒரு கம்பியில் இணைத்த பிரேஸை முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 23 மணி நேரமும், அதன்பின் நான்கு அல்லது ஐந்து வயது வரை தூங்கும்போதும் போட வேண்டும். பாதம் பார்ப்பதற்கு நேராகிவிட்டதே, பிள்ளை அழுகிறதே என்று வீட்டார் மனமிரங்கிக் கழற்றிவிடுவதுதான் பாதம் மீண்டும் வளைவதற்கு முக்கியக் காரணம். சித்திரை வெயிலில் கால் வியர்த்துத் தோல் சிவக்கும். மடிப்பு விழாத பருத்திக் காலுறை போட்டு, குதிகால் காலணிக்குள் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தங்கையிடம் படித்துக் காட்டினேன். அடுத்த பிள்ளைக்கும் வருமோ என்று கேட்கிறாள்.

மறுமொழி – இயன்முறை மருத்துவர், அயனாவரம்

வாய்ப்பு சற்றுக் கூடும். ஆனாலும் நூற்றுக்கு மூன்று, நான்கு என்ற அளவில்தான். ஐந்தாம் மாத ஸ்கேனில் பல நேரங்களில் தெரிந்துவிடும். இப்போது முதல் கட்டுக்கு நாள் குறியுங்கள்.