மழைக்காலப் பிள்ளையும் வைட்டமின் டி குறைவும்: உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

தட்டோன் மருமகள்
ஆடி மாதம், ரங்கூனில் அடைமழை. பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள். விடியற்காலையில் பாலுக்கு எழுப்பினேன், எழவில்லை. காய்ச்சல் என்றால் உடம்பு கொதிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இவனுக்கோ பாதம் ஜில்லென்று இருந்தது. இரத்தத்தில் கிருமி என்றார்கள். பத்து நாள் ஊசி. பிழைத்துக்கொண்டான், இப்போது வீட்டில் ஒரு டம்ளரை விட்டுவைப்பதில்லை.

மறக்க முடியாதது வேறு. வைட்டமின் டி, ஒரு மில்லி இரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் குறையக்கூடாதாம். அவனுக்கு 8, எனக்கு 11. "கடைசியாக எப்போது வெயிலில் நின்றீர்கள்?" என்று டாக்டரம்மா கேட்டார். ஏழாம் மாதத்திலிருந்து படுக்கை, பிறகு மழை, பிறகு தீட்டு அறை. பதில் வரவில்லை. கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரப்பட்டைச் சாந்தைச் சுரண்டியபடி உட்கார்ந்திருந்தேன்.

மோல்மேன் மாமா
ஒன்பது பெற்ற என் பாட்டி எந்த வைட்டமின் டி சொட்டு மருந்தைக் கண்டார்? காலை ஏழு மணி வெயில், கண்ணாடி ஜன்னலோரம் பத்து நிமிடம். என் மகளை அப்படித்தான் வளர்த்தோம். அந்தத் தனக்காவைக் குறைத்தாலே பாதி சரியாகும்.

பெகு அத்தை
மாமா, கோபிக்காதீர்கள். பாட்டிக்கு ஒன்பது பிறந்தது சரி, எத்தனை தங்கியது? என் பாட்டிக்கு ஏழில் நான்கு.

என் தங்கை பிள்ளைக்குப் பத்தாம் நாள் கை கால் வெட்டி இழுத்தது. கால்சியம் இறங்கியிருந்தது, தாய்க்கும் வைட்டமின் டி இல்லை. அன்றிலிருந்து விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. கண்ணாடி வழியே சூடு வரும். வைட்டமின் டி ஆக்கும் புற ஊதா பி கதிர் வராது. ஏழு மணி வெயிலிலும் அது சொற்பம். உச்சி வெயிலில் பச்சைப்பிள்ளையைக் கிடத்த முடியுமா? ஆறு மாதம் வரை நேர் வெயிலே வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். தாய்ப்பாலிலும் வைட்டமின் டி மிகக் குறைவு. தாய் உடம்பில் இல்லாதது தொப்புள்கொடி வழியே எப்படிப் போகும்? அதற்குத்தான் முதல் நாட்களிலிருந்தே தினம் 400 ஐ.யு. (சர்வதேச அலகு) சொட்டு. தனக்காவைக் குறை சொல்வதை விடுங்கள்.

மருமகளே, உன்னால்தான் கிருமி வந்தது என்று மருகாதே. கிருமியைக் கொல்லும் கேதலிசிடின் என்ற புரதத்தை உடம்பு சுரக்க வைட்டமின் டி உதவுகிறது. கிருமி பரவிய சிசுக்களிடம் வைட்டமின் டி குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் அது மட்டுமே காரணம் என்று ஆகாது. குறைமாதம், கழுவாத கை, தொப்புளில் வைக்கும் சாம்பல் எல்லாம் சேரும். பாலை மறுத்தாலோ உடம்பு குளிர்ந்தாலோ சொட்டைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நீ ஓடினாய்.

சொட்டு எண்ணியவன்
அந்தச் சொட்டிலும் ஒரு கண்டம் உண்டு. எங்கள் பழைய புட்டியில் ஒரு மில்லிக்கு 400. சிங்கப்பூர் மச்சான் கொண்டுவந்ததில் ஒரு சொட்டுக்கே 400. அம்மா பழைய கணக்கில் ஒரு மில்லி கொடுத்துவிட்டார், மூன்று நாள். விஷயம் தெரிந்த இரவு, ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்று கரண்டியில் விட்டு எண்ணினேன். இருபதைத் தாண்டியதும் கை நடுங்கியது. கால்சியம் ஏறியிருக்குமோ என்று பார்த்தார்கள், ஒன்றுமில்லை. அம்மா இன்னும் அந்தப் புட்டி இருக்கும் அலமாரியைத் திறப்பதில்லை.

மோல்மேன் மாமா
அத்தை கேட்டதற்குப் பதில்: ஐந்து.