கலைச்சொல் விவாதம்: பல்கலைக்கழகத்தின் 'கவர்ன்மென்ட் ரிலேஷன்ஸ்' அலுவலகத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மதுரையிலிருந்து:

குழுமத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நிர்வாகம் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பதிவாளர், புலமுதன்மையர், ஆட்சிக்குழு வரை சிக்கல் இல்லை. 'கவர்ன்மென்ட் ரிலேஷன்ஸ் ஆபீஸ்' என்ற இடத்துக்கு வந்து மூன்று நாளாக நிற்கிறேன்.

முதலில் 'அரசுத் தொடர்பு அலுவலகம்' என்று எழுதினேன். மறுநாள் படித்தபோது மக்கள் தொடர்பு அலுவலர்தான் கண்முன் வந்தார்: அமைச்சர் வரும் விழாவுக்குச் செய்திக்குறிப்பு தயாரிப்பவர், புகைப்படக்காரர்களுக்கு இடம் ஒதுக்குபவர். மூலத்தில் உள்ள அலுவலகம் செய்யும் வேலையே வேறு. எந்த மசோதா எந்தக் குழுவில் இருக்கிறது என்று நாள்தோறும் பார்க்கிறது. உறுப்பினர்களிடம் ஆராய்ச்சியாளர்களை அழைத்துப் போகிறது. வரவு செலவுத் திட்டத்தில் பல்கலைக்கழகத்துக்கு வேண்டியதைக் கேட்கிறது.

'லாபி' என்று எழுதிவிடலாம். ஆனால் நம் செய்தித்தாள்களில் அந்தச் சொல் 'மதுபான லாபி', 'துப்பாக்கி லாபி' என்றே வளர்ந்திருக்கிறது. வாசகர் பக்கத்தைப் புரட்டும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுவார். ஒரு சொல் போதுமா, இரண்டு மூன்று வேண்டுமா? உதவுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அம்மா, 'அரசுத் தொடர்பு' என்பதில் இன்னோர் இடரும் உண்டு. அச்சில் அந்த 'த்' விழுந்துவிட்டால் 'அரசு தொடர்பான அலுவலகம்' என்ற பொருள் வந்துவிடும். அது எத்தனை இடத்தில் விழும் என்று நமக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் தொண்டு நிறுவன அறிக்கைகளில் 'பரிந்துபேசல்' என்ற சொல் புழங்குகிறது. ஒருவருக்காக இன்னொருவரிடம் எடுத்துச் சொல்வதைக் குறிக்கிறது. 'பரிந்துபேசல் பணியகம்' என்று சொல்லிப் பார்க்கலாமோ?

சென்னையிலிருந்து:

'பரிந்து' என்றாலே இரக்கம் வந்து ஒட்டிக்கொள்கிறது. பல்கலைக்கழகம் இரக்கம் கேட்டுப் போகவில்லை. என் முன்மொழிவு 'தூது'. திருக்குறளின் 69ஆம் அதிகாரமே தூதுதான். 'தூதுரைப்பார்' என்ற ஆட்பெயரும் அங்கேயே ஆயத்தமாக இருக்கிறது. கற்றவராக இருக்க வேண்டும், எதிரில் இருப்பவரின் பார்வைக்கு அஞ்சக் கூடாது, காலம் அறிந்து பேச வேண்டும் என்று அங்கே சொல்லப்படும் தகுதிகள் அனைத்தும் இந்த வேலைக்குப் பொருந்துகின்றன. 'பல்கலைக்கழகத் தூதகம்', 'தூதுரைஞர்'. கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு வேறு ஏன் தேட வேண்டும்?

சாக்ரமெண்டோவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் இத்தகைய ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'பல்கலைக்கழகத் தூதகம்', 'தூதுரைஞர்'

சென்னை ஐயாவின் சொற்கள் என் மனத்தைப் பறித்தன. ஆனால் தூது ஓர் அரசிடமிருந்து இன்னோர் அரசுக்குப் போவது. தூதர் எந்த அவையில் பேசுகிறாரோ அந்த அவை அவருடையது அன்று. இங்கே போகிறவர் அந்த அரசுக்கு வரி கட்டும் குடிமகன். குறைகளைக் களையுமாறு அரசிடம் முறையிடும் உரிமையை, 1791இல் வந்த அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம், சமய உரிமையும் பேச்சுரிமையும் சொல்லப்பட்ட அதே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்கிறது. அந்த உரிமையோடுதான் அவர் கதவைத் தட்டுகிறார்.

அப்படியானால் 'முறையீட்டு அலுவலகம்' என்றே சொல்லிவிடலாமே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அமைப்பைப் படித்தபின் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். பத்து வளாகங்கள் கொண்ட அந்தப் பல்கலைக்கழகத்தை 1879ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு 'ரீஜென்ட்ஸ்' என்னும் ஆட்சிக்குழுவிடம் ஒப்படைத்தது. சட்டமன்றம் அதன் உள்நிர்வாகத்தில் எளிதில் கை வைக்க முடியாதபடி காப்பும் கொடுத்தது. இதன் விளைவை மாநிலச் சட்டத் தொகுப்பைப் புரட்டினால் கண்ணாலேயே காணலாம். மற்றப் பொதுக் கல்லூரிகளுக்கு 'செய்ய வேண்டும்' என்று எழுதும் பிரிவுகளில், இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும்போது வினைச்சொல் மாறிவிடும்: 'ரீஜென்ட்ஸ் செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' சட்டமே வேண்டிக்கொள்கிறது! முதன்முதலில் அந்த வரியைப் படித்தபோது தவறாகப் படித்துவிட்டேனோ என்று திரும்பவும் படித்தேன்.

பணப்பையோ சட்டமன்றத்திடம் இருக்கிறது. ஆளுநர் ஜனவரி 10ஆம் தேதிக்குள் வரவு செலவுத் திட்டத்தை முன்வைக்கிறார். மே நடுவில் வருவாய் நிலவரம் பார்த்துத் திருத்துகிறார். ஜூன் 15க்குள் சட்டமன்றம் அதை நிறைவேற்றியாக வேண்டும், ஜூலை 1இல் நிதியாண்டு பிறந்துவிடும். அந்த ஐந்து மாதமும் எங்களுக்கு அறுவடைக் காலம் போல. கூடுதல் மாணவர்களைச் சேர்க்குமாறு சட்டமன்றம் கேட்கும், அதற்கான பணத்தைப் பல்கலைக்கழகம் கேட்கும். கேட்பது இரு பக்கமும் நடக்கிறது. முறையீடு கீழிருந்து மேலே மட்டும் போவது. அதனால்தான் 'உறவு' வேண்டும் என்கிறேன். வெளிநாடுகளோடு உள்ளதை 'வெளியுறவு' என்று சொல்லிப் பழகிய நமக்கு, அரசோடு உள்ளதை 'அரசுறவு' என்பது அயலாக இருக்காது. அரசுறவு அலுவலகம், அரசுறவு அலுவலர்.

இனி 'லாபி'. எனக்கு மனத்தாங்கல் அதிகம் உள்ள இடம் இது. தமிழில் அந்த ஒற்றைச் சொல் கையூட்டையும் மிரட்டலையும் நேர்மையான கோரிக்கையையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. அமெரிக்கச் சட்டம் அப்படிக் கட்டவில்லை. 1995இல் வந்து 2007இல் இறுக்கப்பட்ட லாபி வெளிப்படுத்தல் சட்டம், லாபி செய்பவர் யார் என்று அளந்து சொல்கிறது: ஒரு நிறுவனத்துக்காக ஒன்றுக்கு மேற்பட்ட முறை அதிகாரத்தில் இருப்பவர்களை அணுகி, மூன்று மாத காலத்தில் தம் வேலை நேரத்தில் 20 விழுக்காட்டையோ அதற்கு மேலோ இதற்குச் செலவிடுபவர். அப்படிப்பட்டவர்களை வேலைக்கு வைத்திருக்கும் பல்கலைக்கழகம் காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். எந்த மசோதா, எந்த அவை, எவ்வளவு செலவு என்பதெல்லாம் அதில் இருக்கும். இணையத்தில் யாரும் படிக்கலாம். கூட்டரசு மானியப் பணத்தை இதற்குத் தொடவே கூடாது.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. நாடாளுமன்றக் குழுவின் முன் அளிக்கும் சாட்சியம் இந்தக் கணக்கில் வராது. அதிகாரி ஒருவர் குறிப்பிட்ட தகவலைக் கேட்டு, அதற்கு எழுத்தில் கொடுக்கும் பதிலும் வராது. அதே ஆள், அதே புள்ளிவிவரம், தாமாகக் கதவைத் தட்டிச் சொன்னால் கணக்கில் ஏறிவிடும். சட்டம் இவ்வளவு கவனமாகப் பிரிக்கும் ஒன்றைத் தமிழிலும் பிரித்துச் சொல்லத்தான் வேண்டும்.

நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்த மசோதா நினைவிருக்கும். கற்பித்தலில் உதவும் முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. அந்தத் தள்ளுபடியையும் வருமானமாகக் கொள்ளும் பிரிவு கீழவையின் வரைவில் இருந்தது. உதவித்தொகை ஆண்டுக்கு 30,000 டாலர், தள்ளுபடியான கட்டணம் 40,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 70,000 டாலருக்கு வரி. நவம்பர் 16இல் கீழவை அதை நிறைவேற்றிவிட்டது.

அந்த நாட்களில் ஒரு மாணவியோடு வாஷிங்டனில் ஓர் உறுப்பினரின் அலுவலகத்துக்குத் துணையாகப் போனேன். கீழவை உறுப்பினர் ஒருவர் 18 நிரந்தர ஊழியர்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. தொகுதியிலும் தலைநகரிலுமாக அவர்கள் பிரிந்திருப்பார்கள். எங்களைச் சந்தித்த இளைஞருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கல்வி, வரி, வேளாண்மை மூன்றும் அவர் தலையில். அறை காலியாக இல்லாததால் நடைக்கூடத்தில் நின்றபடியே பேசினோம். மாணவி தன் சம்பளச் சீட்டையும் கட்டண ரசீதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கைக்கு வந்த தொகையையும் கைக்கே வராத தொகையையும் பென்சிலால் வட்டமிட்டாள். "இரண்டுக்கும் வரி கேட்கிறார்கள்" என்றாள். அவ்வளவுதான். அந்த இளைஞர் தாளை வாங்கி, சுவரில் வைத்துப் பக்கத்திலேயே கூட்டிப் பார்த்தார். பிறகு என் சக அலுவலர், "இறுதி வடிவில் இந்தப் பிரிவை நீக்க உறுப்பினர் குரல் கொடுக்க வேண்டும்" என்று கேட்டார். டிசம்பர் 22இல் கையெழுத்தான சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. நாடெங்கும் மாணவர்கள் எழுப்பிய குரல் அதற்குப் பின்னால் இருந்தது. எங்கள் பதினைந்து நிமிடத்துக்கு அந்தப் பெருமையை நான் கோரவில்லை.

மாணவி செய்ததை 'எடுத்துரை' என்பேன். சக அலுவலர் செய்ததை 'கோருரை' என்பேன். அவர் பேசியது காலாண்டு அறிக்கையில் ஏறியது. சம்பளம் வாங்காமல் தன் பாட்டைச் சொல்ல வந்த மாணவியைச் சட்டம் லாபியர் என்று கொள்வதில்லை. நம் செய்தித்தாள்கள் சில வேளை 'ஆதரவு திரட்டல்' என்று எழுதுகின்றன. திரட்டுவது பலரிடம் செய்யும் வேலை, நடைக்கூடத்தில் ஒருவரிடம் கேட்பதற்கு அது ஒட்டாது. 'பரப்புரை'யும் வேண்டாம். அது தேர்தல் களத்துச் சொல். தனியார் பல்கலைக்கழகங்கள் போன்ற அறநிறுவனங்கள் வேட்பாளர் எவரையும் ஆதரிக்கக் கூடாது என்று 1954 முதல் வரிச்சட்டம் தடுத்து வைத்திருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, விரிவான மடலுக்கு நன்றி. 'பரிந்துபேசல்' என்பதை நானே திரும்பப் பெறுகிறேன். உங்கள் மாணவி பரிவைக் கேட்கவில்லை, கணக்கைக் காட்டினாள்.

ஆனால் இரண்டு ஐயங்கள். 'அரசுறவு' இலக்கணப்படி சரியே: அரசு என்பது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், உயிர் வரும்போது உகரம் கெடும். இருந்தாலும் காதில் 'அர-சுறவு' என்று விழுகிறது. சுறவு என்றால் சுறாமீன். நெய்தல் பக்கத்தில் பிறந்த எனக்கு முதலில் மீன்தான் தென்பட்டது. 'அரசு உறவு' என்று பிரித்தே எழுதினால் என்ன?

இரண்டாவது, 'எடுத்துரை' ஏவல் வினையாகவும் நிற்கும். 'எடுத்துரைப்பு' என்று தொழிற்பெயராக்குங்கள். 'கோருரை'க்கு அந்தக் குறை இல்லை, வினைத்தொகையாக நன்றாக நிற்கிறது.

சாக்ரமெண்டோவிலிருந்து:

'எடுத்துரைப்பு' என்பதே சரி, மாற்றிக்கொள்கிறேன்.

சுறாவைப் பற்றி: 'கூட்டுறவு' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். கூட்டு, உறவு என்று பிரித்து எழுதியிருந்தால் அது இவ்வளவு தூரம் வந்திருக்காது. சேர்த்து எழுதியதால்தான் கூட்டுறவுச் சங்கம், கூட்டுறவு வங்கி, கூட்டுறவாளர் என்று கிளை விட்டது. பிரித்து எழுதினால் 'அரசு உறவுகள் மோசமாகின' என்பது போன்ற செய்தி வாக்கியத்தில் சொல் கரைந்துவிடும். ஓர் அலுவலகத்தின் பெயர் கரையக் கூடாது. பத்து முறை அச்சில் கண்டால் மீன் விலகிவிடும் என்று நம்புகிறேன்.

மதுரையிலிருந்து:

இரு ஐயாக்களுக்கும், தூதை நினைவூட்டிய சென்னை ஐயாவுக்கும் என் நன்றி.

நேற்று இரவு அந்த அத்தியாயத்தை முழுவதும் மாற்றி எழுதி, அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 'அரசுறவு அலுவலகம்' வந்தபோது நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 'கோருரை'யில் கையை உயர்த்தினார். "யார் யாரிடம் என்ன கோரினார்கள் என்று எழுதி வைக்கச் சொல்கிறதா அந்தச் சட்டம்?" என்று கேட்டார். ஆம் என்றேன். "மேலே படி" என்றார். 'லாபி' என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க மாட்டார்.

நூலின் சொல்லடைவில் இப்படிச் சேர்க்கிறேன்:

அரசுறவு: ஒரு நிறுவனம் அரசோடும் சட்டமன்றத்தோடும் ஆண்டு முழுவதும் பேணும் இருவழி உறவு.
எடுத்துரைப்பு: ஒரு நிலைமையை, அதைப் பட்டறிந்தவரோ ஆராய்ந்தவரோ, முடிவெடுப்பவரிடம் விளக்கிச் சொல்வது.
கோருரை: குறிப்பிட்ட மசோதாவையோ முடிவையோ சுட்டி, இதைச் செய்யுங்கள் அல்லது செய்யாதீர்கள் என்று கேட்பது, சட்டப்படி பதிவுக்கும் கணக்குக்கும் உரியது.
கோருரைஞர்: அதைத் தொழிலாகச் செய்பவர்.

இன்னும் ஒன்று மிச்சம். சந்திப்பு முடிந்ததும் மேசையில் வைத்துவிட்டு வரும் ஒற்றைப் பக்கக் குறிப்பு மூலத்தில் ஏழெட்டு இடத்தில் வருகிறது. இப்போதைக்கு 'விடுதாள்' என்று எழுதி வைத்திருக்கிறேன். 'விடுப்பு', 'விடுதி' என்று எதுவும் குறுக்கே வருகிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.