புதுப்பிப்பு: ஃபாயாஸுக்குப் போய் வந்துவிட்டேன்

மாட்ரிட்டில் ஆங்கிலம் கற்பிக்கிறேன், மார்ச்சில் ஃபாயாஸ் விழாவுக்கு ஸ்பெயினின் வலென்சியா நகரத்துக்குப் போகலாமா, கூட்டம் தாங்குமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? போய் வந்துவிட்டேன்.

மதியம் 2 மணிக்கு நகராட்சி சதுக்கத்தில் மாஸ்கிளெதா என்ற வெடி நிகழ்ச்சி. வாணவேடிக்கை என்று நினைத்திருந்தேன். ஆனால் அது காதுக்கான விழா. வெடிகள் மெல்லத் தொடங்கி, தாளம் ஏறி ஏறி, கடைசியில் தரையே அதிர்ந்தது. வாயைத் திறந்து வைத்துக்கொள், காதுக்கு நல்லது என்றார் பக்கத்தில் நின்ற பாட்டி. முடிந்ததும் இருவருக்கும் கண் கலங்கியிருந்தது.

19ஆம் தேதி இரவு, மாதக்கணக்கில் செய்த பிரம்மாண்டமான உருவங்களை எரித்தார்கள். சிறுவர்களுடையது முதலில், அப்புறம் பெரியவை. அவற்றில் மக்கள் வாக்களித்துக் காப்பாற்றும் பொம்மைகள் மட்டும் எரியாமல் அருங்காட்சியகத்துக்குப் போகும்.

கூட்டமா? நெரிசல்தான். அறையை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.