ரெண்டு பெட்ரோல் பம்பு மாத்தினதுக்கு அப்புறம்தான் பிரஷர் மீட்டர் வாங்கினேன்: பழைய பிக்கப் வெச்சிருக்கிறவங்க உங்க கதையையும் சொல்லுங்க

பெர்ஜுந்தை வடைக்கடை

நம்ம வண்டி புரோட்டோன் அரீனா. 1.5, மிட்சுபிஷி 4ஜி15 இஞ்சின், பெட்ரோல். ஊரு மலேசியா, சிலாங்கூர்ல பத்தாங் பெர்ஜுந்தை. பெஸ்தாரி ஜெயான்னு பேர் மாத்தி எவ்வளவோ வருஷமாச்சு, நம்மாளுங்க வாயில இன்னும் பழைய பேருதான். பசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, வடை போடுறேன். வண்டி பின்னால ரெண்டு கேஸ் தோங் (சிலிண்டர்), சட்டி, மாவு வாளி, மேசை.

வெறும் வண்டியா ஓட்டினா ஒண்ணும் தெரியாது. சாமான் ஏத்திக்கிட்டு பத்து ஆராங் மேட்டுல மிதிச்சா இருமும். காலையில மூணு தடவை சாவி திருப்பினாத்தான் பிடிக்கும். ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் காது குடுத்துக் கேட்டுட்டு "பம்ப் ரோசாக் லா" என்றார், பெட்ரோல் பம்பு கெட்டுப்போச்சாம். 130 வெள்ளி (ரிங்கிட்). ரெண்டு வாரம் நல்லா ஓடிச்சு, திரும்ப இருமல். "இது சாமான் சரியில்லை" என்று ஹாஃப்கட் (பழைய வண்டி சாமான்) கடையிலிருந்து இன்னொரு பம்பு. அது பத்து நாள்.

அப்புறம்தான் 90 வெள்ளி குடுத்து மீட்டர் செட் வாங்கினேன். சில வண்டியில இஞ்செக்டருக்குப் பெட்ரோல் கொண்டுபோற ரெயில்ல, மீட்டர் மாட்ட டயர் வால்வு மாதிரி ஒரு மூக்கு இருக்கும், இந்த இஞ்சின்ல அது கிடையாது. பெட்ரோல் ஃபில்டர் தலையில இருக்கிற ஓட்டை போல்ட்டைக் கழட்டி, நடுவுல மீட்டரோட மூணு வழி இணைப்பைச் சொருகணும். அதுக்கு முன்னாடி பம்பு பிளக்கைக் கழட்டிட்டு ஸ்டார்ட் அடிச்சு, தானா அணையுற வரைக்கும் விடணும். இல்லேன்னா போல்ட் தளர்ந்த உடனே மூஞ்சியில பெட்ரோல்தான். போல்ட்டுக்கு மேலயும் கீழயும் வாஷர் இருக்கும், பழசைத் திரும்பப் போடாதீங்க. நான் போட்டேன். அரை மணி நேரம் சொட்டு சொட்டாக் கசிஞ்சது, திரும்பக் கழட்டினேன்.

இந்த இஞ்சினுக்கு ஐட்லிங்ல 38 பி.எஸ்.ஐ. பக்கம் நிக்கணும். ரெகுலேட்டர்ல மாட்டியிருக்கிற வேக்கம் ஹோஸைப் பிடுங்கினா 47லேர்ந்து 50க்குள்ள ஏறணும். இஞ்சினுக்குக் காத்து போற மேனிஃபோல்டுல இழுப்பு இருக்கும்போது பெட்ரோல் பிரஷரைக் குறைச்சு, இழுப்பு போனா கூட்டுறதுதான் ரெகுலேட்டர் வேலை. நமக்கு 27. ஹோஸைப் பிடுங்கினா 33. டாங்கிக்குத் திரும்புற ரிட்டர்ன் ரப்பர் ஹோஸைத் துணி சுத்தி பிளையர்ல ரெண்டு செகண்ட் நெருக்கினேன். நல்ல பம்பா இருந்தா ஊசி 60ஐத் தாண்டிக் குதிக்கும். இது சோம்பலா 40க்கு ஏறி நின்னுடிச்சு. அப்போ ரெகுலேட்டர் இல்லை, கோளாறு பம்பு பக்கம். ஃபில்டரைப் போன மாசம்தான் மாத்தினேன். மூணாவது பம்பு வாங்க பர்ஸைக் கையில எடுத்துட்டேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் செம்பனை (எண்ணெய்ப்பனை) மில்லுல கரண்ட் வேலை பார்க்கிற சார்ஜ்மேனா இருந்து ஓய்வானவர். வேலி ஓரமா தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே பார்த்துக்கிட்டு இருந்தார். "தம்பி, ஊசியைப் பார்த்த சரி. அந்தப் பம்புக்கு வோல்ட் எவ்வளவு போகுதுன்னு பார்த்தியா?"

இஞ்சின் ஓடும்போது பேட்டரியில 13.8. பம்பு பிளக்குல 10.1. அவர் வோல்ட் மீட்டரோட ஒரு முனையைப் பம்பு எர்த் வயர்ல குத்தி, இன்னொன்னை நீள வயர் போட்டுப் பேட்டரி நெகட்டிவ்ல வெச்சார். 3.2. "இது சைபர் பக்கத்துல இருக்கணும்டா." பாடிக்கு அடியில எர்த் ஸ்குரூவைத் தேடினா, வயர் கண்ணு பச்சை பூத்து, ஸ்குரூ தலையே தெரியாத துரு. பத்து வருஷமா மாவு வாளி கழுவின தண்ணி அந்த ஓரமாத்தான் வழியுது, யாரைச் சொல்ல?

ஒரு துண்டு வயரை எர்த்துலேர்ந்து நேரா பாடி இரும்புல சுரண்டி வெச்சார். ஊசி என் கண்ணு முன்னாடி 27லேர்ந்து 38க்குப் போச்சு. ஹோஸைப் பிடுங்கினேன், 48. ஒவ்வொரு தடவை பம்பு மாத்தும்போதும் வயரை ஆட்டி அசைச்சதுல துரு கொஞ்சம் உரசிப் போய், சில நாள் கரண்ட் சரியாப் பாய்ஞ்சிருக்கு. ஃபோர்மேன் பம்பைப் பாராட்டினார், நானும் நம்பினேன்.

ஈஜோக் ஹைலக்ஸ்

என்னுது பழைய டீசல் ஹைலக்ஸ், அதனால உங்க மீட்டர் எனக்கு உதவாது அண்ணே. டாங்கியில பம்பு கிடையாது, இஞ்செக்‌ஷன் பம்பே டாங்கியிலேர்ந்து உறிஞ்சிக்கும். அதனால ஹோஸ் வெடிச்சா வெளியில சொட்டாது, உள்ளே காத்தை இழுக்கும். தோட்டத்துல செம்பனைக் குலை ஏத்தப் போற வண்டி, காலையில ஸ்டார்ட் ஆகவே ஆகாது. ஃபில்டர் மேல இருக்கிற கைப்பம்பை அமுக்கி அமுக்கி விரல் வீங்கிப் போச்சு. கடைசியில ஃபில்டருக்கும் இஞ்செக்‌ஷன் பம்புக்கும் நடுவுல ஒரு அடி உள்ளே தெரியிற ஹோஸ் போட்டுப் பார்த்தேன். சோடா மாதிரி குமிழி. டாங்கி மேல 4 வெள்ளி ஹோஸ் ஒண்ணு மயிர் மாதிரி கீறி இருந்தது.

தாத்தா டட்சன்

டட்சன் 1200, கார்புரேட்டர். மவன் அவன் புது மீட்டரை மாட்டிட்டு "பம்பு செத்துப்போச்சுப்பா, ஊசியே அசையலை"ன்னான். 100 பி.எஸ்.ஐ. மீட்டர்! இஞ்சின்ல மாட்டுற மெக்கானிக்கல் பம்பு தள்ளுறதே 3, 4 பி.எஸ்.ஐ.தான். ஊசிக்கு என்ன தெரியும். போத்தல்ல பிடிச்சுக் காட்டினேன், நல்லாத்தான் பீச்சுது.

புக்கிட் ரோத்தான்

இது கொஞ்சம் பயந்த கதை. நம்ம மச்சான் கிளிப் இல்லாம மீட்டர் ஹோஸை நேரா சொருகி, "ஒரு நிமிஷம்தானே" என்று ஸ்டார்ட் அடிச்சான். ஹோஸ் பறந்துடிச்சு. சட்டை, முகம், இஞ்சின் முழுக்கப் பெட்ரோல். காலையில இருந்து ஓட்டாத வண்டி, எக்ஸோஸ் ஆறிக் கிடந்தது, அதனால இன்னிக்கு அவன் கதை சொல்லிக்கிட்டு இருக்கான். கண்ணு ரெண்டு நாள் சிவந்து கிடந்தது. ஆறின இஞ்சின்ல மட்டும் மாட்டுங்க, ரெண்டு பக்கமும் கிளிப் போடுங்க, தீயணைக்கிற சிலிண்டர் கை எட்டுற தூரத்துல இருக்கட்டும். சுருட்டு பிடிக்கிற மாமா யாராவது எட்டிப் பார்க்க வந்தா முதல்ல அவரைத் துரத்துங்க.

வடைக்கடை அண்ணே, ஒரு கேள்வி. எனக்கு ஓடும்போது 38, சரியாத்தான் நிக்குது. ஆனா அணைச்ச உடனே ஊசி சைபருக்கு இறங்கிடுது. காலையில ரொம்ப நேரம் சுத்தினாத்தான் பிடிக்குது. இதுவும் எர்த்தா?

பெர்ஜுந்தை வடைக்கடை

எர்த் இல்லைங்க. பிரஷர் எங்கேயோ ஒழுகுது. அணைக்கிற அதே நேரம் ரிட்டர்ன் ஹோஸை நெருக்கிப் பாருங்க. ஊசி நின்னா ரெகுலேட்டர். அப்பவும் இறங்கினா, அடுத்த தடவை மீட்டருக்கும் டாங்கிக்கும் நடுவுல வர்ற ரப்பர் ஹோஸை நெருக்குங்க. அதுல நின்னா பம்புக்குள்ள இருக்கிற வால்வு. ரெண்டுலயும் நிக்கலேன்னா இஞ்செக்டர் சொட்டுது. ரெகுலேட்டர் வேக்கம் ஹோஸை ஒரு தடவை பிடுங்கி மோந்தும் பாருங்க, உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தா ரெகுலேட்டர் உள்ளே இருக்கிற டயாஃப்ரம் (ரப்பர் தோல்) கிழிஞ்சிருக்கு.

மீட்டர் வேணும்னா வெள்ளிக்கிழமை பசாருக்கு வாங்க, தரேன். வாஷர் மட்டும் நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க.